ஒன்றும் செய்யாத கார்டு

போன வாரம் மைசூர் ஹெப்பாளில் ஒரு நாற்காலியின் முதுகில் சிவப்பு ஸ்டிக்கர் விழுந்தது. நாற்காலிக்கு எந்தக் குறையும் இல்லை. அதில் உட்காருகிறவருக்குத்தான் வேலை போகப் போகிறது.

நண்பர் செல்வராஜ் அங்கே ஒரு சின்னக் கம்பெனி நடத்துகிறார். ஃபாக்டரிகளில் இன்னும் ஓடிக்கொண்டிருக்கும் பழைய மெஷின்களின் எலக்ட்ரானிக் போர்டுகளைப் பழுது பார்க்கும் வேலை. கம்பெனியைச் சீரமைக்க பெங்களூரிலிருந்து ஒரு கன்சல்டன்டை வரவழைத்தார். இளைஞர். கழுத்தில் டை, கையில் ஒரு கட்டு ஸ்டிக்கர். எது 'வேல்யூ' சேர்க்கவில்லையோ அதில் ஸ்டிக்கர். ஸ்டிக்கர் விழுந்தது மாதக் கடைசியில் வெளியே; சின்னச் சாமான் என்றால் உடனே ஒரு பெட்டிக்குள். எளிமையான தத்துவம் — கன்சல்டன்ட் மேல் மட்டும் யாரும் ஒட்டக் கூடாது.

முன் மேஜையில் ஃபோன் எடுக்கும் ரோஸ்லின், டீ குடித்துவிட்டு வந்து பார்த்தார்.

"ஏன் சார், இது சேருக்கா, எனக்கா?"

"பொசிஷனுக்கு, மேடம். வர்ற ஃபோன் காலை வாங்கி அடுத்தவங்களுக்குத் தர்றீங்க, அவ்வளவுதானே? நடுவுல நீங்க எதுவும் ஆட் பண்றதில்ல."

"நான் ஆட் பண்ணா கால் பண்றவங்க பயந்துடுவாங்க சார்."

கன்சல்டன்ட் சிரிக்கவில்லை. அவர் பாடத்திட்டத்தில் சிரிப்பு இல்லை போல.

அதே வரவேற்பறையில் செல்வராஜின் செல்லப் பிள்ளை ஒன்று நிற்கிறது. காயலான் கடையிலிருந்து மீட்டு உயிர் கொடுத்த ஒரு மினி கம்ப்யூட்டர். பெயர்தான் மினி... பீரோ உயரம். இன்றைக்கு ப்ராசஸர் என்றால் நகம் அளவு சில்லு. இதில் அது ஐந்து பெரிய போர்டுகள், நூற்றுக்கணக்கான சில்லுகள். ஒன்று கூட்டும், ஒன்று நினைவில் வைக்கும், இன்னொன்று அடுத்து என்ன செய்வது என்று முடிவெடுக்கும். "ப்ராசஸர் எங்கே?" என்று கேட்பவர்களுக்கு செல்வராஜ் இரண்டு கைகளையும் விரித்துக் காட்டுவார்.

வெள்ளிக்கிழமை ஒரு ஃபாக்டரியின் பராமரிப்புக் குழு வருவதாக ஏற்பாடு. பழைய மெஷின் தெரியும் என்கிறாரே, அவரிடம் இருப்பது ஓடுகிறதா என்று பார்த்துவிட்டு ஒப்பந்தம் தருவார்கள். அதற்கு முதல் நாள் மெஷின் மக்கர் செய்தது. விளக்குகள் எரிந்தன. ஸ்விட்ச் தட்டினால் கணக்கு சரியாக வந்தது. கீபோர்டில் ஒரு எழுத்தைத் தட்டினால் மட்டும் பதில் இல்லை. வேலையெல்லாம் சரி, கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பதில்லை — இந்த நோயை நாம் எத்தனை கவுன்ட்டர்களில் பார்த்திருக்கிறோம்?

செல்வராஜ் ப்ராசஸரைச் சந்தேகப்பட்டார். எது நின்றாலும் அதிகம் உழைப்பவரைச் சந்தேகப்படுவதுதானே நம் ஆபீஸ் மரபு? ஐந்து போர்டுகளையும் கழற்றிச் சோதித்தார். ஐந்தும் நிரபராதி.

குழு வந்துவிட்டது. மெஷின் ஊமையாக நின்றது. அந்த மௌனத்தை நிரப்ப கன்சல்டன்ட் தன் சாதனைகளைச் சொல்லத் தொடங்கினார்.

"இந்த மெஷின்லகூட ஒரு டெட் கார்டு எடுத்துட்டோம் சார். ஒரு சிப்கூட கிடையாது. வெறும் காப்பர் கோடு."

செல்வராஜ் மெதுவாகத் திரும்பினார்.

"எங்கப்பா அது?"

"ஸ்டிக்கர் பெட்டியில, சார்."

பெட்டியில் ஓடாத கடிகாரம் ஒன்று, ரோஸ்லின் கால் வைத்துக்கொள்ளும் பலகை, சிவப்பு ஸ்டிக்கரோடு அந்தக் கார்டு.

விஷயம் இதுதான். இந்த மெஷினில் கீபோர்டு, டிஸ்க் எல்லாம் வரிசையில் நிற்கும். யாருக்குப் பேச வேண்டுமோ அவர் கை தூக்க வேண்டும். ப்ராசஸர் 'சரி, பேசு' என்னும். அந்தச் 'சரி' ஒவ்வொரு கார்டாகக் கை மாறிப் போகும். வழியில் ஒரு இடம் காலியாக இருந்தால் அங்கேயே அறுந்துவிடும். அதனால் காலி இடத்தில் ஒரு கார்டு. இந்தப் பக்கம் வாங்கி அந்தப் பக்கம் கொடுக்கும். வேறு ஒன்றும் செய்யாது. அந்தக் காலத்து எஞ்சினியர்கள் இதை வரைபடத்திலேயே போட்டிருந்தார்கள். மேனேஜ்மென்ட் படித்தவர்கள் அந்தப் பக்கத்துக்கு இன்னும் வரவில்லை.

கார்டைச் செருகினார். கீபோர்டைத் தட்டினார். திரையில் எழுத்து வந்தது.

குழுவின் தலைவியான அம்மாள் கன்னடத்தில் ஒன்று கேட்டார். வாசலில் நாற்காலி மேலும் அதே சிவப்பைப் பார்த்தேனே, போன தடவை எங்கள் மெஷின் நின்றபோது அந்தப் பெண்தானே சரியான ஆளைப் பிடித்துக் கொடுத்தார், அவரும் டெட் கார்டா?

கன்சல்டன்டே போய் ஸ்டிக்கரைப் பிய்த்தார். ஒப்பந்தம் கிடைத்தது. மறுநாள் அவருடைய ஸ்லைடில் ரோஸ்லினின் இடம் 'மிக முக்கியம்' ஆகிவிட்டது.

செல்வராஜ் நெகிழ்ந்துபோய் ரோஸ்லினை 'சீனியர் கோ-ஆர்டினேட்டர்' ஆக்கினார். அதே நாற்காலி, அதே ஃபோன், அதே சம்பளம்.

"நீங்க அந்தக் கார்டு மாதிரி மேடம்" என்றார்.

"உள்ள சிப் ஒண்ணும் இல்லன்னு சொல்றீங்க... அல்வா சார்?"

மைசூர்த் தமிழில் 'அல்வா' என்றால், கன்னடத்திலிருந்து வந்த 'இல்லையா'.

பெரும்பாலும்.