ஆகாயத்தில் நிறுத்த மணி இல்லை

தங்கம் பிரித்தபின் மைன்காரர்கள் கொட்டிவைத்த சயனைடு மேடு மழையில் கரைந்து எங்கள் தொழிலாளர் லைனுக்குள் வெள்ளைச் சேறாக வந்ததே, அதற்கு அடுத்த கோடையில்தான் அம்மாவின் தம்பி துபாயிலிருந்து அந்தப் பெட்டியைக் கொண்டுவந்தார். மேடு கரைந்ததில் எங்கள் கோழி இரண்டு செத்தன. அது வேறு கதை.

பெட்டி என்றால், டைப் மிஷின் மாதிரி எழுத்துக் கட்டைகள். டிவியில் ஒயரைச் சொருகி, டேப்பில் கேசட் போட்டால் கொஞ்ச நேரம் கீச்சென்று கத்தும். பிறகு கறுப்புத் திரையில் எழுத்துகள் மிதக்கும். ஒவ்வொரு எழுத்தும் ஒரு பிளேன், பக்கத்து நம்பர் அதன் உயரம் என்றார் மாமா. மோதாமல் தரை இறக்க வேண்டும், அதுதான் ஆட்டம். எனக்கு அவை கிணற்றுக்குள் மீன் நகர்வது போலிருந்தன. பார்த்துக்கொண்டே இருந்தால் கண் சொக்கும்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் அப்பாவும் வந்து உட்கார்ந்தார். சாம்பியன் ரீப்ஸ் தங்க மைனில் வைண்டிங் இன்ஜின் டிரைவர் அவர். ஆட்கள் நிற்கும் இரும்புக் கூண்டை, கேஜை, கயிற்றில் ஷாஃப்டுக் குழிக்குள் இறக்குவதும் ஏற்றுவதும் அவர் கைதான். கட்டைகளில் எழுத்து தேட அவருக்கு வராது. அவர் சொல்லச் சொல்ல நான் அமுக்கினேன். அவசரமே இல்லை அவருக்கு. ஒன்று தரை தொட்டதைப் பார்த்த பிறகே அடுத்ததற்கு வாய் திறந்தார். ஏழு இறங்கின. மாமாவே அதுவரை நாலுதான் இறக்கியிருந்தார்.

அதற்குள் மேலே மற்றவை கூடிவிட்டன. இரண்டு, ஒரே உயரத்தில், எதிரெதிரே வந்தன.

"நிறுத்து," என்றார் அப்பா.

மைனில் மணி ஒரே ஒரு தடவை அடித்தால் நிறுத்து என்று அர்த்தம். எந்தச் சந்தேகம் வந்தாலும் முதலில் கேஜை நிறுத்துவதுதான் முறை. நான் நிறுத்தும் கட்டையைத் தேடினேன்.

"ஆகாசத்துல எங்க மாமா நிறுத்துறது? ஒண்ண மேல ஏத்துங்க," என்று மாமா சிரித்தார்.

"நிறுத்துடா."

இரண்டு எழுத்தும் ஒரே புள்ளியாகி அணைந்தன. அப்பா திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எத்தினி பேரு இருந்தாங்க அதுல?"

"இன்னா மாமா நீங்க. அது வெறும் எழுத்து, ஆளே இல்ல."

அப்பா எழுந்தார். லீவு நாளில் ஷிப்ட் சட்டையை மாட்டிக்கொண்டு ஷாஃப்ட் பக்கம் நடந்தார். திரும்பி வந்து, இன்ஜின் பிரேக்கைச் சும்மா பார்த்துவிட்டு வந்ததாக அம்மாவிடம் சொன்னார். சோறு வேண்டாம் என்று படுத்துவிட்டார்.

தோற்ற கோபம் என்று நினைத்தேன். லைன் முழுக்க நடித்துக் காட்டினேன். அதன் பிறகு குழாயடியில், "இன்னா டிரைவரே, பிளேனை ஆகாசத்துலயே நிக்க வச்சீங்களாமே?" என்பார்கள். அப்பா சிரித்துக்கொள்வார். ரிடையர் ஆகும்வரை சிரித்தார்.

ஆறாம் கிளாஸோடு படிப்பை விட்ட நான், பின்னால் மைனில் சேர்ந்தபோதுதான் அவர் உட்காரும் இடத்தைப் பார்த்தேன். அங்கிருந்து கேஜ் தெரியாது. ஆட்களும் தெரியமாட்டார்கள். வட்டத் தகட்டில் கேஜின் ஆழம் காட்டும் ஒரு முள், பக்கத்தில் ஒரு மணி. கயிற்றின் அடியில் தொங்கும் அத்தனை பேரும் அவருக்கு அந்த முள்தான்.

மைனை மூடிவிட்டார்கள். நான் கிளப்பிவிட்ட கதை மட்டும் நந்திதுர்க் மைன் லைன்கள் பக்கம் இன்னும் ஓடுகிறது. உங்களிடம் யாராவது சொல்லிச் சிரித்தால், எத்தனை பேர் இருந்தார்கள் என்று அவர் கேட்டதையும் சேர்த்துச் சொல்லிவிடுங்கள்.