பதினேழாயிரம் தள்ளிய ஜெயராணி

கடலூர் முதுநகர் ஜெயராணியை யாரும் ஏமாளி என்று சொல்லிவிட முடியாது. மீன்கடையில் அவள் பேரம் பேசினால் கடைக்காரியே கும்பிடு போடுவாள். சிதம்பரத்தில் தனியார் ஆஸ்பத்திரி ஒன்றில் எக்ஸ்ரே எடுக்கும் வேலை. தினமும் பஸ்ஸில் போய் வருகிறாள். அப்பேர்ப்பட்டவள் கிரெடிட் கார்டிடம் கோட்டை விட்டாள்.

கணவர் அந்தோணிசாமியின் முட்டி ஆபரேஷனுக்குக் கார்டைத் தேய்த்தாள். அப்புறம் மாதாமாதம் ‘மினிமம்’ மட்டும் கட்டினாள். அடகுக்கடையில் வட்டி கட்டினால் நகை பத்திரம். இதுவும் அப்படித்தான் என்று நினைத்துவிட்டாள். அட மகராசி, கார்டு என்ன அடகுக்கடையா! இரண்டு வருஷமாகியும் அசல் அசையவில்லை. நடுவில் மூன்று மாதம் தவறியதில், கடன் கொடுப்பவர்கள் பார்க்கும் சிபில் ஸ்கோரும் பாதாளத்துக்குப் போயிற்று.

மகள் எழிலரசிக்கு நர்சிங் சீட் கிடைத்தபோதுதான் விஷயம் வெடித்தது. படிப்புக் கடனுக்கு அம்மா கையெழுத்து செல்லாது, கார்டு பாக்கியை முழுசாக அடைத்த கடிதம் மாதக் கடைசிக்குள் வந்தால் ஏற்கிறேன் என்றார் வங்கி மேனேஜர். வேறு கடன் வாங்கி அடைக்கப் போனால், ஸ்கோரைப் பார்த்ததுமே இரண்டு இடத்தில் கையை விரித்தார்கள். கார்டு கம்பெனி வசூல்காரனோ ஐம்பதாயிரம் கொடுத்தால் செட்டில்மென்ட் போட்டு முடிப்பதாகச் சொன்னான். சபலம் தட்டத்தான் செய்தது. நல்லவேளை, மேனேஜரைக் கேட்டாள். குறைத்துக் கட்டினவள் என்ற பெயர் வருஷக்கணக்கில் ஒட்டிக்கொள்ளுமாம்.

பாக்கி எண்பத்து நாலாயிரம். மிச்சமிருந்த ஒரே வழி கீழவீதி அகிலாண்டம் மாமியின் ஏலச்சீட்டுதான். இருபது பேர், ஆளுக்கு ஐயாயிரம், மொத்தம் ஒரு லட்சம். அங்கே ஸ்கோர் கேட்க மாட்டார்கள். ஒன்பது மாதம் நாள் தவறாமல் கட்டிய முகம் போதும். கழிவாக அதிகம் தள்ளிக் கேட்பவருக்குச் சீட்டு, தள்ளியது போக மீதி கையில். பதினாறாயிரம் வரை தள்ளலாம், அதற்கு மேல் போனால் பணம் பற்றாது.

ஞாயிறு காலை ஏலம் பத்தாயிரத்தில் தொடங்கியது. மெஸ் நடத்தும் உத்திராபதி பெரிய கிரைண்டர் வாங்கும் வெறியில் இருந்தார். பதின்மூன்றில் மற்றவர்கள் ஒதுங்கிக்கொண்டார்கள். ஜெயராணிக்கு ஒரு குஷி ஏறியது. பேரம் அவளுக்குக் கைவந்த கலையாயிற்றே! பதினைந்து என்றாள். உத்திராபதி மீசையைத் தடவிக்கொண்டு பதினாறு என்றார்.

மாமி ஒரு தரம் சொன்னாள். ஜெயராணி கைப்பையை இறுக்கிப் பிடித்தாள். உள்ளே இந்த மாத மினிமத்துக்கு எடுத்து வைத்த நாலாயிரத்து இருநூறு இருந்தது. மாமி இரண்டாம் தரம் சொன்னாள். இத்தனை நாள் வட்டியின் வாயில் கொட்டிய பணத்தை இந்த மாதம் ஏன் கொட்ட வேண்டும்?

“பதினேழு!”

“ஜாஸ்திடி, யோசிச்சுக் கேளு,” என்றாள் மாமி.

“கட்டும் மாமி. நீங்க தரம் சொல்லுங்க.”

உத்திராபதி சிரித்துவிட்டு எழுந்தார். எண்பத்து மூன்று கைக்கு வந்தது, குறைந்த ஆயிரம் பையிலிருந்து வந்தது. மறுநாளே கட்டினாள். சீட்டுக்கு இன்னும் பதினோரு தவணை உண்டு. ஆனால் அது முடிகிற கணக்கு.

மாதம் முடியுமுன்பே, பத்தாம் நாள், கடிதம் போனில் வந்தது: முழுத் தொகையும் கட்டியாயிற்று, பாக்கி இல்லை. பஸ் ஸ்டாண்டில் நின்றே மூன்று முறை படித்துவிட்டு மகளுக்குப் போன் போட்டாள்.

“எழிலு, பேங்குக்குக் கெளம்பு. கையெழுத்துப் போட அம்மா வரேன்.”