புளிக்குள் வைத்த வளையல்

நான் ஐந்தாம் வகுப்பைத் தாண்டாதவன். ஆனாலும் திண்டுக்கல் பூட்டு வியாபாரத்தில் என்னை மிஞ்ச ஆள் கிடையாது. கனடாவில் இருக்கும் மகளின் வளைகாப்புக்காக இரண்டு தங்க வளையல்களை நத்தம் புளி உருண்டைக்குள் மறைத்து, கூரியர் ஆபீசுக்குக் கொண்டுபோனேன்.

கவுண்டரில் இருந்த செல்வி, “பிரிச்சுப் பாக்கணும் ஐயா. நகை எதுவும் இல்லையே?” என்றாள்.

“என் பேச்சுக்கு மேல சோதனையாம்மா? வெறும் புளிதான்.”

என் வயதுக்கு மரியாதை கொடுத்து, பிரிக்காமலே சோதித்ததாகக் கையெழுத்துப் போட்டாள்.

சென்னைச் சுங்கத்தில் எக்ஸ்ரே காட்டிக்கொடுத்துவிட்டது. பார்சலைப் பிடித்து வைத்துக்கொண்டார்கள். கூரியர் மேனேஜர் என்னை வரச் சொன்னார். நான் உள்ளே நுழையும்போது செல்வி அவரிடம் சொல்லிக்கொண்டிருந்தாள்: “அவுக பெரிய மனுசன் சார், பொய் சொல்ல மாட்டாக. வீட்ல யாராச்சும் தெரியாம வச்சிருப்பாக. பிரிச்சுப் பாக்காதது என் தப்புதான்.”

“அப்ப உன் வேலைதான் போகும்” என்றார் மேனேஜர்.

செல்வி சொன்னதற்குத் தலையாட்டியிருந்தால் நான் தப்பித்திருக்கலாம்.

“நான்தான் வச்சேன். அந்தப் பிள்ளைய ஏமாத்திட்டேன்” என்றேன். அதையே என் கோணல் கையெழுத்தில் எழுதியும் கொடுத்தேன்.

செல்வியை எச்சரித்து, வேலையில் வைத்துக்கொண்டார்கள். வளையல் இன்னும் சுங்கத்தில்தான் கிடக்கிறது. எத்தனையோ பேர் என்னைப் பெரிய மனுசன் என்றிருக்கிறார்கள். பாதி நானே கேட்டு வாங்கியது. அந்தச் சொல்லைக் கேட்டு நான் தலைகுனிந்தது அன்றைக்கு மட்டும்தான்.