நீளாத இடது கை

துறையில் அவருக்குப் பெயர் பலகையண்ணன். ஆற்றைக் கடக்கும் பயணிகள் படகு வந்து மேடையில் முட்டியதும், கயிற்றைத் தூணில் சுற்றிப் பிடித்துக்கொண்டு, படகுக்கும் மேடைக்கும் நடுவே பலகையைப் போடுவது வேலை. இதெல்லாம் ஒரு வேலையா என்று தோன்றும். காலை எட்டே காலுக்கு, படகு கொள்ளாத கூட்டம் ஆபீஸ் அவசரத்தில் இறங்கும்போது பக்கத்தில் நின்று பார்த்தால் அப்படிச் சொல்ல வாய் வராது. பலகை ஒன்றரை அடி அகலம். பிடித்துக்கொள்ளக் கம்பி கிடையாது. தண்ணீர் படகைத் தூக்கினால் பலகையும் சேர்ந்து தூக்கும். அதனால் அவருடைய வலது கை கயிற்றில் இருக்கும், இடது கை பலகையோரமாக நீண்டிருக்கும். அந்த இடது கைதான் ஜனங்களுக்குக் கைப்பிடி.

பத்தொன்பது வருஷத்தில் அவர் போட்ட பலகையிலிருந்து ஒரு ஆள் தண்ணீரில் விழுந்ததில்லை. சொந்தமென்று சொல்லிக்கொள்ள மனுஷனுக்கு வேறு பெருமை எதுவும் இல்லை. இதை மட்டும் யார் கேட்டாலும் சொல்வார், கேட்காவிட்டாலும் சொல்வார்.

போன் வந்த பிறகுதான் அவருக்குப் பெரிய ரோதனை. படகில் அறுபது தலை இருந்தால் அறுபதும் குனிந்திருக்கும். கரை வந்தது யாருக்கும் தெரியாது. படகு முட்டுகிற சத்தம் கேட்டு எழுந்து, போனைப் பார்த்தபடியே பலகையில் கால் வைப்பார்கள்.

"சார், போனுக்குள்ளயே இறங்கிடாதீங்க. பலகைய இங்க போட்டிருக்கேன்" என்பார்.

தினமும் வருகிற வங்கிக்காரர் நிமிராமலே சிரிப்பார். "உங்க கையில ஒண்ணு வந்தா நீங்களும் இப்படித்தாண்ணே."

"எனக்கா? இந்தக் கைக்கு வேற வேலை இருக்கு சார்!"

அதே படகில் வருகிற கணக்கு டீச்சர் இன்னும் ஒரு படி மேல். வலது கையில் போன், கண் போனில். இடது கையை மட்டும் அந்தரத்தில் நீட்டுவார். அது நேராக வந்து அண்ணனுடைய முன்னங்கையில் உட்காரும். சொந்த வீட்டு மாடிப்படிக் கட்டையைப் பிடிக்கிற மாதிரி. ஒரு நாளும் தப்பியதில்லை.

நாலு மாசத்துக்கு முன்னால் தூரத்து ஊரில் இருக்கிற மகளுக்குக் குழந்தை பிறந்தது. "பேரனப் பாக்க வேண்டாமாப்பா?" என்று அவளே ஒரு போன் வாங்கி அனுப்பினாள். தினமும் காலையில் ஒரு படம் வரும். குளிக்கிறான், கொட்டாவி விடுகிறான், காலை வாயில் வைக்கிறான். முதலில் டீ குடிக்கும்போது மட்டும் பார்த்தார். அப்புறம் இரண்டு படகுக்கு நடுவில் பார்த்தார். அப்புறம் சோற்றுத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டார்.

"சாப்பிடும்போதாவது அதக் கீழ வைங்க. பேரன் எங்கயும் ஓடிட மாட்டான்" என்றாள் மனைவி.

"உனக்கென்னடி தெரியும், இப்பதான் சிரிக்கிறான்" என்று அவள் வாயை அடைத்தார்.

அன்றைக்குப் படகு வந்தது, கயிறு சுற்றினார், பலகை போட்டார். பத்துப் பேர் இறங்கினார்கள். படகு வாசலில் ஒருத்தர் செருப்பு வார் அறுந்து நிற்க, வரிசை நின்றது. சட்டைப் பையில் போன் அதிர்ந்தது. ஒரு பார்வைதானே என்று இடது கையால் எடுத்தார். குழந்தை குப்புறப் புரண்டிருந்தான். முதல் தடவை! தலையை நிமிர்த்தி, தாத்தாவையே பார்ப்பது போல் பார்த்தான்.

அதற்குள் வரிசை நகர்ந்தது அவருக்குத் தெரியாது. டீச்சர் பலகைக்கு வந்தார், கண் போனில், இடது கை அந்தரத்தில். அந்தக் கை உட்கார அங்கே ஒன்றும் இல்லை.

தண்ணீர்ச் சத்தம் கேட்டுத்தான் அவர் நிமிர்ந்தார்.

படகுக்கும் மேடைக்கும் நடுவே இருந்த இடுக்கில் கழுத்தளவுத் தண்ணீரில் டீச்சர். விலகிய படகு எந்த நேரமும் திரும்ப வந்து மோதும். படகோட்டி கழியை எடுத்து மேடையில் ஊன்றிக்கொண்டு கத்தினார்: "நான் தள்ளிப் புடிச்சுக்கறேண்ணே! தூக்குங்க, சீக்கிரம்!"

அண்ணன் கயிற்றை விட்டுவிட்டுக் குப்புற விழுந்து, வலது கையால் டீச்சரின் மணிக்கட்டைப் பிடித்தார். இழுத்தார். ஈரத்தில் வழுக்கியது.

"இன்னொரு கையையும் குடுங்க டீச்சர்!"

"நீங்க குடுங்கண்ணே!"

அப்போதுதான் பார்த்தார். டீச்சரின் வலது கை தண்ணீருக்கு மேலே உயர்ந்து நின்றது. அதில் போன், ஒரு சொட்டு ஈரமில்லாமல். அவருடைய இடது கையும் அப்படியே உயர்ந்து நின்றது. அதில் குழந்தை இன்னும் தலையை நிமிர்த்திப் பார்த்துக்கொண்டிருந்தான். யாரோ வெட்டிக் கொண்டுவந்து தன் தோளில் ஒட்டிவிட்ட கை போல அதைப் பார்த்தார் மனுஷன்.

அப்போதும் அவர் போனைத் தூக்கி எறியவில்லை. மெதுவாக, கண்ணாடி மேல்பக்கம் வரும்படி, பின்னால் வைத்தார். வைத்த பிறகுதான் இடது கையை நீட்டினார். நீட்டிய கையில் டீச்சர் தன் போனை வைத்தார்! அதையும் வாங்கிப் பின்னால் வைத்துவிட்டு மறுபடி நீட்டினார். இந்தத் தடவை கை வந்தது.

டீச்சரின் கால் மேடையில் ஏறியதும் படகோட்டியின் கழி நழுவியது. படகு வந்து மோதியதில் மேடையில் கட்டியிருந்த லாரி டயர் அப்பளமாய் நசுங்கி மீண்டது. டீச்சர் அந்த டயரையே பார்த்தார். பல் கிடுகிடுவென்று அடித்துக்கொண்டது. திட்டுவார் என்று அண்ணன் காத்திருந்தார். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"நீங்க நிக்கறீங்கன்னுதாண்ணே நான் கீழ பாக்கறதே இல்ல" என்றார் டீச்சர். குற்றமாகச் சொல்லவில்லை. சும்மா சொன்னார்.

சாயங்காலம் மகள் கூப்பிட்டாள். "அப்பா, பாத்தீங்களா? புரண்டுட்டான்!"

"பாத்தேம்மா" என்றார். போனை மனைவியிடம் நீட்டிவிட்டு, இடது கையைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஒரு நாள் முழுக்க யாரிடமும் பத்தொன்பது வருஷக் கதையைச் சொல்லாதது அதுதான் முதல் தடவை.

மறுநாள் எட்டே கால் படகு. போன் வீட்டுப் பெட்டியில் இருந்தது. இடது கை முன்னெப்போதையும்விட விறைப்பாக நீண்டிருந்தது. டீச்சர் வந்தார். முழங்கையில் கட்டு, போன் பைக்குள். பலகையில் நின்று கீழே பார்த்தார். நீட்டிய கையையும் பார்த்தார். பிறகு தன் இரண்டு கைகளையும் லேசாக விரித்துக்கொண்டு, அடி மேல் அடி வைத்துத் தானாகவே நடந்து மேடைக்கு வந்தார்.

"வரேண்ணே" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

பின்னால் வங்கிக்காரர். குனிந்த தலை நிமிரவில்லை. அவருடைய கை மட்டும் அந்தரத்தில் வந்து, எப்போதும் போல, அண்ணனுடைய முன்னங்கையில் உட்கார்ந்தது. அண்ணன் இடது கையைத் திருப்பி அந்தக் கையைப் பிடித்தார். எலும்பு நோகிற பிடி.

வங்கிக்காரர் திடுக்கிட்டு நிமிர்ந்தார். "என்னண்ணே?"

"ஒண்ணுமில்ல சார்" என்றார், கையை விடாமல். "என்னப் பாத்து இறங்குங்க."