சுண்ணாம்பு அடித்த சுவர்

அந்த வருஷம் எங்கள் அத்தைக்கு என்னையும் தம்பியையும் கண்டாலே ஆகவில்லை. எல்லாம் அந்தப் புது அறையால் வந்த வினை. ராயபுரத்தில் எங்கள் வீட்டுக்குப் பின்னால், கடலைப் பார்த்தபடி அப்பா அதைக் கட்டியிருந்தார். அத்தைக்குத் தை மாதம் கல்யாணம். மாப்பிள்ளை ஒண்டுக்குடித்தனத்தில் அண்ணன் தம்பிகளோடு நெருக்கியடித்துக்கொண்டு இருந்தார். பெண் வீட்டில் தனி அறை இருந்தால்தான் கல்யாணம் என்று அவர்கள் கறாராகச் சொல்லிவிட்டார்கள். அதற்கு முன்பே அத்தைக்கு இரண்டு இடம் தட்டிப்போயிருந்தது.

அறைக்கு அத்தையே சுண்ணாம்பு அடித்தாள். அடித்த கையோடு பூட்டிச் சாவியை முந்தானையில் முடிந்துகொண்டாள். அவளைக் குற்றம் சொல்ல முடியாது. மற்ற சுவர்களையெல்லாம் நாங்கள் அடுப்புக்கரியால் படம் வரைந்து ஒரு வழி பண்ணியிருந்தோம்.

"இந்தச் செவுத்துல கை வெச்சீங்கன்னா தோலை உரிச்சிடுவேன்" என்பாள்.

கார்த்திகையில் புயல் வந்தது. கடல் தெருவுக்குள் புகுந்துவிட, ரயில் பாதைக்கு அந்தப் பக்கம் இருந்த பள்ளிக்கூடத்தில் போய்த் தங்கினோம். திரும்பி வந்தபோது வீடு நின்றது. புது அறையின் கதவும் பூட்டியது பூட்டியபடி இருந்தது. அத்தை முந்தானை முடிச்சை அவிழ்த்துக் கதவைத் திறந்தாள். உள்ளே கடல்தான் இருந்தது. கூரையையும் மற்ற மூன்று சுவர்களையும் அலை கொண்டுபோயிருந்தது. வீட்டுக்குள்ளேயே கடல் வந்துவிட்டதே என்று எனக்கு ஒரே குஷி.

தண்ணீர் வடிந்தபின் மாப்பிள்ளையின் அம்மா வந்து பார்த்தாள். காப்பியைக்கூடத் தொடவில்லை. "அப்பால பாத்துக்கலாம்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். அம்மா அடுக்களையில் அழுதாள். அப்பால என்றால் பங்குனியாக இருக்கும், புதுப் பாவாடைக்கு இன்னும் இரண்டு மாதம் காத்திருக்க வேண்டும் என்று நான் வருத்தப்பட்டேன்.

அன்று சாயங்காலம் அத்தை தானே கரி எடுத்து வந்து என் கையில் கொடுத்தாள்.

"வாடி, இந்தச் செவுத்துல இன்னா வோணுமோ வரைஞ்சுக்கோ."

நாங்கள் வெள்ளைச் சுவர் முழுக்கக் கப்பலும் யானையுமாக வரைந்து தள்ளினோம். மேலே எட்டவில்லை என்று அழுத தம்பியை அத்தை தூக்கிப் பிடித்துக்கொண்டாள்.