மிளகுக் கிடங்கில் புதன் கடந்த காலை

1986 நவம்பர் 13, வியாழக்கிழமை. புதன் கோள் சூரியனுக்குக் குறுக்கே போவதைப் பார்க்க மட்டாஞ்சேரிக்குப் போனேன். எல்லோரும் அங்கே அரண்மனை பார்க்கப் போவார்கள். நான் அதை இன்றுவரை பார்க்கவில்லை.

இந்தப் பைத்தியம் பிடித்ததற்கு ஓர் இங்கிலாந்து இளைஞர் காரணம். 1639-ல், பெரிய வானியலாளர்களின் அட்டவணைகள் கோட்டைவிட்ட சுக்கிரன் கடப்பை அவர் தானே கணக்குப் போட்டுப் பிடித்தார். இருட்டறையில் தொலைநோக்கி வழியாகச் சூரியனைத் தாளில் விழவைத்து அரை மணி நேரம் பார்த்தார். இருபத்திரண்டு வயதில் போய்ச் சேர்ந்துவிட்டார். வருடாவருடம் இயற்பியல் வகுப்பில் அவரைப் பற்றிப் பேசுவேன், ஒரு தடவையாவது நானும் அப்படிப் பார்த்துவிட வேண்டும் என்று மனசு அடித்துக்கொண்டது. சுக்கிரனுக்கு 2004 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. புதன்தான் கைக்கெட்டியது.

முந்தின நாளே கோவையிலிருந்து ஆலுவாவில் இருக்கும் தங்கை வீட்டுக்கு வந்துவிட்டேன். அவள் கணவர் சிவராமன் மட்டாஞ்சேரியில் ஒரு மிளகுக் கிடங்கில் மேற்பார்வையாளர். இருட்டு வேண்டும் என்றதும், அங்கே வரச் சொன்னார். காலை ஏழு மணிக்கு எறணாகுளம் பஸ், இருபது கிலோமீட்டர். அப்புறம் படகு, ஐம்பது பைசா, அரை மணி நேரம்.

ஒன்பதரைக்குக் கிடங்கின் கூரையில் இரண்டு ஓடுகளை எடுத்துவிட்டு, வெளிச்சம் விழுந்த இடத்தில் தொலைநோக்கியை நிறுத்தினோம். தாளில் தட்டளவு சூரியன். அதில் கறுப்பாக ஒரு புள்ளி. எனக்குக் கண் கலங்கிவிட்டது. சிவராமன் கிடங்கு ஆட்கள் எல்லோருக்கும் சாயா வாங்கித் தந்தார். கையில் கிளாஸோடு வரிசையில் வந்து பார்த்தார்கள்.

பதினொன்றே காலுக்கு முருகம்மாள் வந்தார். தென்காசிப் பக்கத்திலிருந்து வந்து மட்டாஞ்சேரியில் தங்கிவிட்ட குடும்பம். முறத்தில் மிளகைப் பரப்பிக் கல் பொறுக்குவது அவர் வேலை. தாளையே கொஞ்ச நேரம் பார்த்தார்.

“டீச்சரே, சூரியன் நவுறுது, இது நவுறல. மிளகுத் தூசியாக்கும்.”

வில்லையைத் துடைத்தேன். புள்ளி போய்விட்டது. ஒரு மணி நேரத்துக்கு மேல் தூசியைக் கும்பிட்டிருக்கிறேன். அவமானத்தைவிட பயம்தான் அதிகம். பன்னிரண்டு மணிக்குப் புதன் வெளியேறிவிடும், அடுத்ததற்கு ஏழு வருடம். அந்த நேரம் பார்த்து மேகம் வேறு.

பதினொன்று நாற்பதுக்கு வெயில் வந்தது. மூக்குக்கண்ணாடியைக் கழற்றினேன், மாட்டினேன், ஒன்றும் தெரியவில்லை. முருகம்மாள் குனிந்தார், விரலைத் தாளில் படாமல் நிறுத்தினார்.

“இந்தா இருக்கு. உருண்டையா, பொடிசா.”

இருந்தது. சூரியனோடு சேர்ந்து நகர்ந்தது. மேகம் திரும்ப மூடும்வரை இருவரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

இப்போதிருந்து அடுத்த புதன் கடப்பு 2032, அதே நவம்பர் 13, மதியத்துக்குப் பிறகு. சூரியனை நேரே பார்க்காதீர்கள், தாளில்தான் பார்க்க வேண்டும். வில்லையை முதலில் துடையுங்கள். முக்கியமாக, துணைக்கு ஒருவரை வைத்துக்கொள்ளுங்கள். அந்த இங்கிலாந்து இளைஞரும் ஒரே ஒரு நண்பருக்குக் கடிதம் எழுதிப் பார்க்கச் சொல்லியிருந்தார். நண்பர் பிரமித்து நின்றதில் அளந்து குறிக்கத் தவறிவிட்டார் என்று படித்துச் சிரித்திருக்கிறேன். அன்று படகில் திரும்பும்போது, புதன் இருந்த இடத்தைக் குறிக்க வைத்திருந்த தாளை விரித்துப் பார்த்தேன். சூரியனைச் சுற்றி வட்டம் போட்டிருந்தேன், உள்ளே ஒன்றுமே இல்லை.