அமாவாசையில் போட்ட முடிச்சு

சிரிக்கிறவுக சிரிச்சுட்டுப் போங்க. தேவிபிரியா எங்க தெருக்காரி. பவர்லூம் கூடத்துல அவளுக்குப் பக்கத்துத் தறியில நிக்கிறவ நான். இது நடந்துச்சு. நடுராத்திரியில இல்ல, மட்டமத்தியானத்துல, அருப்புக்கோட்டை டவுனுக்குள்ள நடந்துச்சு.

ஊருக்குள்ள ஓடுற வரத்துக்கால்வாய் சாக்கடையும் சீமைக்கருவேலமுமாத்தான் கெடந்துச்சு. போன வருசம் தூர்வாரி, கரையில கல்லு பதிச்சு, பெஞ்சு போட்டு, லைட்டுக் கம்பம் நட்டு, நடைபாதை ஆக்கிட்டாக. காலையில சுகர்காரவுக கூட்டம் தாங்காது. அப்புறம் ஒரு நாள் பழைய மடைகிட்ட ஒரு பொண்ணு மயங்கி விழுந்துச்சு. தெளிஞ்சதும், யாரோ கூப்பிட்டாகன்னு மட்டும் சொல்லுச்சாம். அம்புட்டுத்தான், பாதை காலி. பேய் இருக்குன்னு ஊரே முடிவு பண்ணிருச்சு.

தேவிபிரியா மக காளீஸ்வரி பத்தாவதுல நல்ல மார்க்கு. பதினொண்ணு படிக்கணும்னா கால்வாய்க்கு அந்தக் கோடியில இருக்கிற பள்ளிக்கூடத்துக்குத்தான் போகணும். மெயின் ரோட்டுல லாரி போற வேகத்துக்கு சைக்கிள்ல விட பயம். மாமனார் சௌடப்பனுக்கு இது நல்ல சாக்காப் போச்சு. பேய்ப் பாதையில வயசுப் பிள்ளையை அனுப்ப முடியாது, படிச்சது போதும், தறிக்கு வரட்டும்னுட்டார். தேவிபிரியா புருசன் வாயே திறக்கல. அவரு எப்பத்தான் திறந்தாரு!

இவ விட்டாளா? "மாமா, வாற அமாவாசைக்கு விடிஞ்சதுலருந்து பொழுது சாயிற வரைக்கும் அந்தப் பாதையில நான் நடக்கேன். முழுசா வந்துட்டா பிள்ளை படிப்பா. நீங்க குறுக்க நிக்கக்கூடாது."

பாதியில ஓடி வந்துருவான்னு நெனைச்சு அவரும் தலையை ஆட்டிட்டார்.

அமாவாசைன்னா எங்க ஆளுக தறி ஓட்ட மாட்டோம். நூலைக் கையால தொடவும் மாட்டோம். எப்பவும் தடதடன்னு கெடக்கிற தெரு, அன்னைக்கு மட்டும் ஊமையாட்டம் கெடக்கும். தேவிபிரியா எலுமிச்சஞ்சோத்தைக் கட்டிக்கிட்டு விடியக்காலையே பாதையில ஏறிட்டா. இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்தா. வைகாசி வெயிலு. கால்வாயில சொட்டுத் தண்ணி இல்ல. ஆடு மேய்க்கிறவர் ஒருத்தர் மட்டும் இருந்தாரு. தாயி, வீட்டுக்குப் போயிரும்மான்னாரு. இவ தண்ணியைக் குடிச்சுட்டு நடந்தா.

பன்னெண்டேகால் இருக்கும். உச்சி வெயில் உருமநேரம். ஆட்டுக்காரரையும் காணோம்.

டக்… டக்… டக்…

கைத்தறிச் சத்தம். அமாவாசை அதுவுமா எவ தறி ஓட்டுறான்னு இவளுக்குக் கோவம்தான் முதல்ல வந்துச்சு. சத்தம் மடைப் பக்கமிருந்து வந்துச்சு. வேகமாப் போனா.

காலுக்கடியில கல்லு ஈரம்.

கஞ்சி வாடை வேற அடிச்சுச்சு. நூலுக்குப் போடுற சோத்துக்கஞ்சி வாடை.

நிமிந்து பார்த்தா, லைட்டுக் கம்பத்துலருந்து மடை வரைக்கும், தறிக்கு ஏத்துற பாவு நூலை இழுத்துக் கட்டியிருக்கு. நூறு நூறா வெள்ளை இழை. அந்த முனையில ஒரு பொம்பளை முதுகு காட்டி நின்னு கஞ்சி தடவிக்கிட்டிருந்தா. திரும்பல. எங்க வீட்டுக்குள்ள மட்டும் பேசுற கன்னடத்துல சொன்னா: உன் பக்கம் ஒரு இழை அறுந்துருச்சும்மா, முடிஞ்சு விடு…

பதினாலு வருசமா பவர்லூம்ல அறுந்த இழையை முடியிற கை. அது யாரைக் கேக்கும்? வெடுக்குன்னு முடிஞ்சு, வாலைப் பல்லால கடிச்சுத் துப்பிட்டா.

துப்பின அப்புறந்தான் நெனைப்பு வந்துச்சு.

இன்னிக்கு அமாவாசை…

நூலு ஐஸாட்டம் குளிர்ந்துச்சு.

பாவோட மறுமுனை எதுலயும் கட்டல. மடை ஓட்டைக்குள்ள போகுது.

உள்ள இருந்து இழுக்கிறாக…

மெல்ல…

ஓடலாம். ஓடுனா மக படிப்பு போச்சு. அங்கனயே நின்னா.

"முடிஞ்சாச்சு. வழியை விடு. என் பிள்ளை இனிமே இந்த வழியாத்தான் வருவா."

டக்…

நின்னுருச்சு.

பாவு இல்ல. ஆளும் இல்ல. கல்லு காஞ்சு சுட்டுச்சு.

அப்பவும் வீட்டுக்கு வரல அவ. பொழுது சாயிற வரைக்கும் நடந்துட்டுத்தான் வந்தா. சௌடப்பனும் சொன்ன சொல்லை மாத்தல. என்ன பார்த்தேன்னு அவர்கிட்ட இவ மூச்சு விடல, என்கிட்ட மட்டுந்தான் சொன்னா. காளீஸ்வரி பள்ளிக்கூடத்துல சேர்ந்துட்டா.

ஐப்பசியில நல்ல மழை. கால்வாயில கரை தொட்டுத் தண்ணி. ஒரு நாள் சாயங்காலம் கூடத்துல கரண்டு போயிருச்சு. நூல் சுத்துற மூக்கம்மாள் அந்தக் காலத்துல மடைக்குப் பக்கத்துலதான் குடியிருந்துச்சு. அங்க யாரும் செத்தாகளான்னு தேவிபிரியா பேச்சோட பேச்சாக் கேட்டா.

செத்தாகளாம். சௌடேஸ்வரின்னு ஒருத்தி. கல்யாணச் சேலைக்கு அவசரம்னு அமாவாசையில கரையில பாவு இழுத்துக் கட்டியிருக்கா. அமாவாசைன்னு ஒத்தாசைக்கு யாரும் போகல. மேக்க பெஞ்ச மழையில திடீர்னு தண்ணி வந்து, பாவோட சேர்த்து அவளை மடைக்குள்ள இழுத்துருச்சு. எடுத்தப்போ கையில ஒரு இழை முடிச்சோட இருந்துச்சாம்.

"அப்ப நாங்க அறுந்த இழையைத் திரிச்சுத்தான் ஒட்டுவோம். அவ கையில இருந்தது நீங்க பவர்லூம்ல போடுற முடிச்சு. அப்ப ஊருல பவர்லூமே இல்ல." மூக்கம்மாள் குரலைத் தாழ்த்துச்சு. "எவளோ கூட நின்னிருக்கா, முடிச்சுப் போட்டவ கையைக் குடுக்காமப் போயிட்டா, அந்த முடிச்சுக்காரி பிள்ளையும் இதே தண்ணியில போகணும்னு செத்தவ ஆத்தா மண்ணை வாரித் தூத்திச் சாபம் விட்டா."

தேவிபிரியா கையைப் பார்த்தா. தான் போட்ட முடிச்சு.

மணி நாலரை. பள்ளிக்கூடம் விட்டிருக்கும்.

எந்திரிச்சு ஓடுனா. நானும் பின்னாலயே ஓடுனேன். மடையில தண்ணி சுழிச்சுக்கிட்டுப் போகுது. கரையில குப்புறப் படுத்து, தோள்பட்டை வரைக்கும் கையைத் தண்ணிக்குள்ள விட்டா.

"முடிச்சுக் கேட்ட, போட்டேன். கையை நீ கேக்கல. இந்தா, இப்பக் குடுக்கேன், பிடிச்சு ஏறு. என் பிள்ளை மேல கண்ணு வச்ச, இந்த மடையைப் பேத்து எறிஞ்சுருவேன்."

கை இறங்குச்சு… கழுத்து வரைக்கும் தண்ணி. நான் அவ இடுப்பைப் பிடிச்சேன். அவ பல்லைக் கடிச்சுக்கிட்டு இழுத்தா. கனம். என் கைக்கே தெரிஞ்சுச்சு, ஒரு ஆளு கனம்.

சட்டுன்னு லேசாச்சு.

கரையில யாருமில்ல. காஞ்ச கல்லுல மட்டும் ஈரக்காலடி. ஒண்ணு… ரெண்டு… எங்க தெருப் பக்கமாப் போகுது.

பள்ளிக்கூடப் பக்கமிருந்து காளீஸ்வரி பையோட வந்துட்டா. எங்களைத் தாண்டிப் பார்த்தா. "யாரும்மா அது, நமக்கு முன்னால சொட்டச் சொட்டப் போறது?"

என் கண்ணுக்கு யாரும் தெரியல. தேவிபிரியா சேலையைப் பிழிஞ்சு விட்டுட்டு மக கையைப் பிடிச்சா.

"நம்ம ஆளுதான். நீ நடந்து வா."